உன் வீட்டில் நான் மறுத்த சோறு

என் செவியில் இன்னும் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும் மருதமுத்துவுக்கு,

உன் வீட்டில், நீ கடைசியாகப் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து இதை எழுதுகிறேன். நீ மறைந்து இன்றோடு ஓராண்டு. வெளியே மேடைக்குப் பலகை அடிக்கிறார்கள். ஒலிபெருக்கி கட்ட வந்தவர் புளியமரத்தில் ஏறி நிற்கிறார். மாலை ஐந்து மணிக்கு உன் நினைவுநாள் கூட்டம்; பேச வேண்டியவன் நான். இத்தனை ஆண்டுகளில் ஒரு தாளைக்கூடக் கையில் பிடித்து மேடையேறாதவன், இன்று எழுதிவைத்துப் படிக்கப் போகிறேன். வாயை அதன் போக்கில் விட்டால், போன ஆண்டு சொன்ன பொய்யையே மறுபடியும் சொல்லிவிடுமோ என்ற அச்சம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் நீரிழிவு. சோற்றை நிறுத்தி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. இடக்கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று மூன்று மாதமாக ஆறாமல் இருக்கிறது. வலியே இல்லை. உனக்கும் வலி இல்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்?

வரும் திங்கட்கிழமை அரியலூரில் மருத்துவர் அம்மையாரிடம் காலைக் காட்ட வேண்டும். புண் மூடத் தொடங்கியிருந்தால் விரல் என்னிடம் இருக்கும். இல்லையென்றால் திருச்சிக்கு அனுப்பி எடுத்துவிடச் சொல்வார். விரலோடு அது நிற்காமலும் போகலாம் என்பதை உன் காலில் கண்டவன் நான்.

மருதமுத்து, நீ விதித்த கட்டளையை நான் மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஆட்களிடையே நாம் பேசிய முதல் கூட்டத்தை நினைத்துப் பார். சாதி ஒழிய வேண்டும் என்று ஒரு மணிநேரம் முழங்கிவிட்டு இறங்கினேன். கழுத்து வியர்வையைத் துடைக்கக்கூட நீ விடவில்லை.

“நல்லாத்தான் பேசுன மாப்ள. வா, வந்து சாப்புடு. அப்பறந்தான் நீ பேசுனது நெசம்.”

கம்பும் சோளமும் பொங்கிப் பழகிய சேரி அடுப்பு ஒன்றில் அன்று எனக்காக நெல்லுச்சோறு பொங்கியிருந்தார்கள். ஜெயங்கொண்டத்துக்கு அருகே முந்திரிக்காடும் நிலமும் உள்ள வீட்டில் பிறந்தவன் நான். அப்படியோர் அடுப்பின் சோறு அதுவரை என் வாயில் பட்டதில்லை. முதல் கவளத்தை எடுத்தபோது வீடே என் கையைப் பார்த்தது. பேருந்துக்கு நடக்கையில் நீ என் முதுகில் ஓர் அடி போட்டாய். “கை நடுங்குதான்னு பாத்தேன்டா. நடுங்கல. பொழச்ச.”

அன்றிலிருந்து அதுவே நம் வழக்கம். எந்த ஊரில் பேசினாலும் கூட்டம் முடிந்ததும் சேரி வீட்டில் சோறு. இரண்டாம் முறை போட்டால் இலையை மறைக்கக் கூடாது. ‘வேணாம்’ என்ற சொல்லை அந்த வாசல்களில் உச்சரிக்கவே கூடாது என்றாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

நீ என்னை ‘மாப்ள’ என்றாய். அஞ்சலை என்னை ‘அண்ணே’ என்றாள். நானும் அவளைத் தங்கச்சி என்றேன். உன்னை மட்டும் விடாமல் ‘தோழர்’ என்றே அழைத்துவந்தேன். ஒருநாள் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டாயே: “எம் பொண்டாட்டி ஒனக்குத் தங்கச்சி. அப்ப நான் யாருடா ஒனக்கு? மச்சான்னு சொல்ல வாய் வரலியா?” தோழர் என்பது எவ்வளவு உயர்ந்த சொல் என்று உனக்கு நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கேட்டு முடித்துவிட்டுக் குவளையை வைத்தாய். அதன்பிறகு நீ அதைக் கேட்கவேயில்லை.

உன் சாவுக்கு வருகிறேன். கால் கறுத்துப்போய் உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோதுதான் சர்க்கரை என்று எனக்குத் தெரிந்தது. பதினொரு நாளில் உன்னை உயிரில்லாமல் திரும்பக் கொண்டுவந்தோம். இடுகாட்டில் ஒலிவாங்கியைப் பிடித்து நான் என்ன சொன்னேன்? “ஓயாத உழைப்பு இவனைத் தின்றுவிட்டது!” கூட்டம் கதறியது. எனக்கு உண்மை தெரியும். ஆனால் அது பணக்காரன் நோய் என்றுதானே ஊரெல்லாம் பேச்சு? நாள்கூலிக்கு நின்ற வீட்டில் பிறந்து, நாள்கூலிக்காரர்களுக்காகப் பேசியவன் சர்க்கரை நோயில் செத்தான் என்றால் எதிராளிகள் தெருவில் நின்று சிரிப்பார்கள் என்று அஞ்சினேன். உன் பெயரைக் காப்பதாக எண்ணிக்கொண்டு உன் நோயை உன்னோடு புதைத்தேன்.

அந்த நோய் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

மருத்துவர் அம்மையார் அதிகம் பேசாதவர். தாளை எடுத்து முதல் வரியில் ‘சோறு வேண்டாம்’ என்று எழுதி, அடியில் இருமுறை கோடிட்டார். நான் விடுவேனா?

“கேழ்வரகுக் களி உண்ணலாம் அல்லவா அம்மா? கம்பங்கூழ்? உழைக்கும் மக்களின் உணவாயிற்றே!”

“ஒழைக்கிறவங்க குடிச்சா ஒண்ணு, மத்தவங்க குடிச்சா ஒண்ணுன்னு இருக்கா சார்? மாவு எதுவா இருந்தாலும் உள்ள போனா சக்கரையாத்தான் மாறும். ஒங்க ஒடம்பு அதத் தாங்காது.”

“சப்பாத்தி?”

“இப்பைக்கு அதுவும் வேணாம். முட்டை சாப்புடுங்க, மீன் சாப்புடுங்க, கோழி சாப்புடுங்க. கீரை, அவரை, கொத்தவரை, பாகக்கா. மோர் குடிங்க. ஒங்க ஊரு முந்திரிகூட நாலு திங்கலாம். இட்லி, தோசை, வாழப்பழம் பக்கம் மட்டும் போவாதீங்க.”

மாத்திரையும் கொடுத்தார். சோற்றை நிறுத்துவதால் அதன் அளவைக் குறைத்தார். நானாக நிறுத்தவும் கூடாது, நானாகக் கூட்டவும் கூடாது என்றார். மேடையில் கை நடுங்கி வியர்த்தால் உடனே இறங்கிவிட வேண்டுமாம். இதுவரை இறங்கியதில்லை, இரண்டுமுறை ஒலிவாங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நாள்தோறும் காலையில் கொல்லைப்புறத்தில் எனக்கொரு சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நலம். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் கேடு. சோற்றை விட்டுப் பதினைந்து நாளாகியும் எனக்குச் செங்கல்தான். என் மனைவி தையல்நாயகி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள்.

“ரோட்டோரம் எங்கியாச்சும் பஜ்ஜி தின்னீங்களா?”

“இல்லை.”

“டீயில சக்கரை?”

“இல்லவே இல்லை.”

“பின்ன எப்புடிங்க செங்கச் சூளையாட்டம் செவக்குது?”

அன்று பகலில் என் சட்டைகளைத் துவைக்க எடுத்தவள் கூக்குரலிட்டாள். சட்டைப் பையில் துணியோடு துணியாய் ஒட்டிக் கிடந்தது பனங்கற்கண்டு.

“இது என்னா?”

“தொண்டைக்கு, தையல். குரல் கம்மாமல் இருக்க. அது மருந்து.”

“மருந்துன்னா கசக்கணும்! சோத்த நிறுத்திப்புட்டு சக்கரைய ஜோப்புல வச்சுத் தின்னுக்கிட்டுத் திரியுறாரே இந்த மனுசன்! எத்தன தின்பீங்க ஒரு நாளைக்கு?”

விடை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மேடைக்கு முன் ஒரு பிடி, பின் ஒரு பிடி, பேருந்தில் வழிநெடுக. நீயும் நானும் ஒரே பொட்டலத்தில் கைவிட்டு எடுத்ததில்லையா? பேச்சாளர்கள் நாம் யாருமே அதை இனிப்பின் கணக்கில் சேர்த்ததில்லை. சாமான் பையில் தேன் புட்டியும் இருக்கும். அவ்வளவையும் குரலுக்கென்று விழுங்கிவிட்டு, தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைத் தூக்கி எறிந்த ஐந்தாம் நாள் குழாயில் பச்சை தெரிந்தது. தையல் எனக்கு இரண்டு முட்டை பொரித்தாள். என் குரல் இப்போது கொஞ்சம் கரகரக்கிறது. இன்று மாலை நீ கேட்பாயானால் தெரிந்துகொள்வாய்.

வீட்டுக்குள் எல்லாம் சரிதான். வெளியே போனால்தானே நீ விதித்த கட்டளை?

முதல் ஊரில் வயிறு சரியில்லை என்றேன். அந்த வீட்டுப் பெண் உடனே சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றிக் கொண்டுவந்து நின்றாள். அவசரம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஊரில் கூட்டம் முடியுமுன்பே பேருந்தைப் பிடித்தேன். அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. நோயைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், மருதமுத்துவுக்கு என்ன நோய் என்றும் எவனாவது கேட்பானே?

போன வாரம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பேருந்து நெரிந்தது. நான் முன்னிருக்கையில் இருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற இருவர் என்னைக் கவனிக்கவில்லை.

“வழுதி அய்யா இப்பல்லாம் கூட்டம் முடிஞ்ச கையோட பஸ் ஏறிர்றாராம்ல?”

“மருதமுத்து இருந்த வரைக்கும் அதுக்குப் பயந்துக்கிட்டுத் தின்னாரு. இப்ப யாரு கேக்குறது? நம்ம வூட்டுச் சோறு எறங்கல. ஊர்த்தெருக்காரன் என்னைக்கும் ஊர்த்தெருக்காரன்தான்.”

நான் திரும்பவில்லை. கல்வீச்சு விழுந்த மேடைகளில் அசையாமல் நின்றவன், அந்த இருக்கையில் தலையைக் குனிந்துகொண்டு அரியலூர் வரை வந்தேன்.

இன்று நண்பகல். உன் படத்துக்கு மாலையிட்டுவிட்டு உள்ளே வந்தேன். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்திருந்தாள் அஞ்சலை: நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை, முருங்கைக்கீரை, வெள்ளைவெளேரென்று ஒரு பானைச் சோறு. உன் தம்பி காத்தமுத்துவும் தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேரும் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். “ஒக்காருங்கண்ணே” என்று இலை போட்டாள். சோற்றோடு குனிந்தாள். என் கை தானாக இலைமேல் போய் நின்றது.

“என்னண்ணே, போதும்ங்கிறீங்க? இன்னும் போடவே இல்லியே.”

“சோறு வேண்டாம், தங்கச்சி.”

மருதமுத்து, அந்தச் சொல் விழுந்ததும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்.

காத்தமுத்துதான் முதலில் வாய் திறந்தான். “கேட்டியா அண்ணி? ஊருல பேசிக்கிட்டது நெசந்தான். அண்ணன் போட்டோவுக்கு மாலையப் போடுவாராம், அது வூட்டுச் சோத்த வேணாம்பாராம். அய்யாவுக்கு எல போட்டதே தப்பு. மேடையில ஒரு சோடாவ ஒடச்சுக் குடுத்து அனுப்பிருக்கணும்.”

விடை சொல்ல வாயெடுத்தேன். மேடைத் தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை. காலை நீட்டிக் கட்டுத்துணியை அவிழ்த்தேன்.

“எனக்கும் அதே நோவுதான் காத்தமுத்து. ஒங்கண்ணனுக்கு வந்ததுதான்.”

“எங்கண்ணனுக்கு என்னா நோவு? ஒழைச்சு ஒழைச்சே செத்துருச்சுன்னு நீங்கதான மைக்குல சொன்னீங்க?”

நான் சொன்ன பொய் ஓராண்டு கழித்து உன் தம்பி வாயிலிருந்து என்னிடம் திரும்பி வந்தது. அஞ்சலை சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மூலையில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்து, உன் வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். ‘சோறு வேண்டாம்.’ அடியில் இருமுறை கோடு. அதே மருத்துவர். அதே கையெழுத்து.

“சாவுறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே வாங்கியாந்தாருண்ணே. ‘வெளிய சொல்லாத புள்ள’ன்னாரு. ‘நம்ம ஆளே சோறு வேணாம்னா, அப்பறம் ஊர்த்தெருக்காரங்க எல்லாருக்கும் ஒரு சாக்கு கெடச்சுரும். நாளைக்கு அவனும் வேணாம்பான்’னாரு. நான் வூட்டுல கீரையும் முட்டையுமா ஆக்கி வைப்பேன். அவுரு போற எடத்துல எல்லாம் தின்னுப்புட்டு வந்துருவாரு.”

‘அவனும்’ என்று நீ சொன்னது என்னைத்தானே? இத்தனை ஆண்டு உன்னோடு ஒரே இலையளவு தொலைவில் உண்டவனை நீ முழுதாய் நம்பவில்லையா? நம்பும்படி நான் நடந்துகொள்ளவில்லையா? தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் உன் கோணல் எழுத்தில், அடுத்தடுத்துக் கூட்டம் பேச வேண்டிய ஊர்களின் பெயர்கள். அத்தனை ஊரிலும் நாம் உண்டிருக்கிறோம். நீ இரண்டாம் முறையும் வாங்கி உண்டாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அஞ்சலை அதோடு நிறுத்தவில்லை. காத்தமுத்துவைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள். “இவரு ஒண்ணுக்குப் போற எடத்துலயும் எறும்பு மொய்க்குதுண்ணே. ஒரு மாசமாப் பாக்குறேன். கேட்டா சண்டைக்கு வராரு.”

“வாய மூடு அண்ணி!”

“மூடி மூடி வச்சுத்தான் ஒருத்தரத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறேன்.”

பிறகு அவள் என் இலையில் முருங்கைக்கீரையை வைத்தாள். முட்டை இரண்டு வைத்தாள். கோழிக்கறியை அள்ளி வைத்தாள். உண்டேன். கீரையும் கறியும் இரண்டாம் முறை போட்டபோது கையைக் குறுக்கே வைக்கவில்லை. வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்: “பரவால்லப்பா, இந்த நோவு நமக்கு வந்தா தெனமும் கோழி கெடைக்கும்.” இரண்டொருவர் சிரித்தார்கள். காத்தமுத்து சிரிக்கவில்லை. “சோறு இல்லாமத் தின்னா அதுக்குப் பேரு சாப்பாடா?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை சோறு வாங்கி, குழம்பை ஊற்றி, பருக்கை மிச்சமின்றி உண்டு எழுந்து போனான். அவன் நடக்கும்போது காலைப் பார்த்தேன். செருப்பில்லாத கால்.

அதன்பிறகுதான் இந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

இதோ, இந்த வரிக்கு முந்திய வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் நிலைப்படியில் வந்து நின்றான்.

“என்னா எழுதுறீங்க இம்மாம் நேரமா?”

“ஒங்கண்ணனுக்குக் கடுதாசி. சாயங்காலம் மைக்குல படிக்கப்போறேன்.”

“எம்பேரும் இருக்கா அதுல?”

“இருக்கு. அடிச்சிரட்டுமா?”

தூணைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் பார்த்தான். வெளியே ஒலிபெருக்கிக்காரர் “அலோ, அலோ” என்று கூவிக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும்” என்றான். போகத் திரும்பியவன் மறுபடி நின்றான். “அந்த டாக்டரம்மா ஊசி போடுமா?”

“மொத நாளு போடாது. ஒன் மூத்திரத்தக் காச்சிப் பாக்கும்.”

“கருமம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை என் விரலுக்கு என்ன தீர்ப்போ, அறியேன். ஆனால் இன்று ஐந்து மணிக்கு இந்த ஊரும் பக்கத்து ஊர்களும் கேட்கும்படி, நீ எந்த நோயில் செத்தாய் என்பதையும், அதை மறைத்தவன் நான் என்பதையும் படிப்பேன். சிரிப்பவன் சிரிக்கட்டும். இனி எந்தச் சேரி வீட்டிலும் முன்னைப்போலவே உட்கார்ந்து உண்பேன். அந்த வீட்டில் உள்ள கீரையோ மீனோ மோரோ எதுவாயினும் உண்பேன். சோறு ஏன் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்வேன். ஆறாத புண் இங்கே யாருக்கு இருக்கிறது என்று கேட்காமல் இலையை விட்டு எழமாட்டேன். திங்கட்கிழமை காலை முதல் பேருந்துக்கு முன்பே உன் வாசலில் வந்து நிற்பேன். உன் தம்பி வரும்வரை நிற்பேன். அந்தப் பேருந்து போனால் அடுத்த பேருந்துக்கும் நிற்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. மேடையில் குரல் கம்மி அது வராமல் போய்விட்டால் என்ன செய்வதென்று, இங்கேயே எழுதிவைக்கிறேன்.

உன் மச்சான்,
இளவழுதி